அட்டெண்டர் யாரு?

குளியலறையில் வழுக்கி விழுந்த ரெஜினா அத்தையின் வலது கால், இடது காலைவிடக் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது. செங்கல்பட்டில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். தொடை எலும்புக் கழுத்து முறிவு (இடுப்பு மூட்டை ஒட்டி எலும்பு ஒடிவது).

டாக்டர் வெளியே வந்து, "அட்டெண்டர் யாரு?" என்றார். நோயாளியுடன் வந்தவரை அங்கே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அத்தையின் தம்பி, என் சித்தப்பா, முன்னால் போய் நின்றார்.

"ஆபரேஷன் பண்ணா திரும்ப நடக்கலாம். வயசானவங்க, ரிஸ்க்கும் இருக்கு."

"இந்த வயசுல இன்னாத்துக்கு சார்? வூட்ல படுக்க வெச்சி பாத்துக்கறோம்."

நான் குறுக்கே பேசினேன். "நீ சும்மா இரு, உனக்கு இன்னா தெரியும்" என்றார் சித்தப்பா. முடிந்தது. கையிலிருந்த டீ ஆறுவதற்குள் ஒருவரின் கால் முடிந்துவிட்டது.

மறைமலைநகர் தொழிற்சாலை கேண்டீனில் காலமெல்லாம் நின்றே வேலை பார்த்தவர் அத்தை. கூடுவாஞ்சேரி வீட்டில் படுத்தே கிடந்தார். முதுகில் படுக்கைப்புண் (ஒரே இடம் அழுந்தித் தோல் உடைவது) வந்தது. ஒரு மத்தியானம் நான் அதைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கேட்டார்:

"மருந்தே இல்லியாடி இதுக்கு? டாக்டர் இன்னாதான் சொன்னாரு?"

ஆபரேஷன் செய்யலாம் என்பதை அவரிடம் யாருமே சொல்லவில்லை. சொல்லியிருப்பார்கள் என்று நானும் நினைத்திருந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அத்தை தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். "கால் யாருது? அவனுதா?"

மறுநாள் சித்தப்பா வேலைக்குக் கிளம்பியதும் ஆம்புலன்ஸ் வரவழைத்தேன். அதே டாக்டர், அதே கேள்வி. இந்த முறை ஸ்ட்ரெச்சரிலிருந்து ஒரு கை உயர்ந்தது.

"நான்தான். பேஷண்ட்டும் நானு, அட்டெண்டரும் நானு. இன்னா சொல்லணுமோ எங்கிட்ட சொல்லு நைனா."

டாக்டர் குனிந்தார். "மயக்கம் குடுத்தா எழுந்திரிக்காமலே போகவும் வாய்ப்பிருக்கும்மா."

"இப்டி படுத்துகினு கீறதுக்கு அது மேலு. பண்ணு."

ஆபரேஷன் முடிந்து எழுந்துவிட்டார். ஒடிந்ததை எடுத்துவிட்டு உலோகப் பந்து பொருத்தினார்கள். ஆனால் படுத்திருந்த நாட்களில் தசை கரைந்திருந்தது; நொண்டல் போகாது என்றார்கள். மன்னித்தால் மனம் லேசாகும் என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு ஆகவில்லை. அத்தைக்கும்தான். வாக்கரை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார். "அவனுக்கும் வரும்டி" என்பார்.

வந்தது. சித்தப்பாவுக்குக் குடலிறக்கம் (வயிற்றுச் சுவரின் பலவீனமான இடத்தில் குடல் பிதுங்குவது). நானும் வருவேன் என்று அத்தை ஆட்டோவில் ஏறிக்கொண்டார்.

"அட்டெண்டர் யாரு?"

வாக்கர் டக்கென்று முன்னால் போனது. "நான்தான், அக்கா. ஆபரேஷன் வேணாம் டாக்டர். இந்த வயசுல இன்னாத்துக்கு? வூட்ல கெடக்கட்டும்."

சித்தப்பா கட்டிலில் பாதி எழுந்துவிட்டார். "இன்னாக்கா பேசற? ஒடம்பு என்னுதுக்கா. என்னக் கேக்காம நீ எப்டி சொல்லுவ?"

அத்தை அவரை நிதானமாகப் பார்த்தார். "இத உன் வாயால கேக்கத்தான் நொண்டிகினு வந்தேன். பண்ணுங்க டாக்டர்."

இதே நிலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். உங்களை அட்டெண்டர் என்று கூப்பிட்டால், டாக்டரைக் கட்டிலருகே அழைத்துப் போங்கள். நினைவோடு இருக்கும் நோயாளியிடமே பேசட்டும்.

சித்தப்பா வீடு திரும்பிய நாளில், மருத்துவமனை லிஃப்ட் வரைக்குமான நடை நீளமாக இருந்தது. எதிலும் பறப்பவள் நான். இப்போது என் கால்களும் அத்தையின் வாக்கர் சத்தத்துக்குத்தான் நகர்கின்றன. வயிற்றைப் பிடித்தபடி சித்தப்பா முன்னால் போய்விட்டார்.

"நில்லுடா" என்றார் அத்தை.

நின்றார். நாங்கள் அவசரப்படவில்லை.