சார்ஜ் ஏறாத வண்டியில் ஐந்தருவிக்கு

சாரல் விழும்போது குற்றாலம் போக யாருக்கும் காரணம் தேவையில்லை. எங்களுக்கு ஒன்று இருந்தது: வண்டியை விற்பதா, வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்தாக வேண்டும். ஆடி பிறந்து வந்த முதல் சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் பாளையங்கோட்டையிலிருந்து கிளம்பினோம். ஓட்டியவர் என் கணவர் இசக்கிமுத்து. பின்னால் நான். தோள்பையில் மாற்றுத்துணி, துண்டு, வோல்ட் பார்க்கும் மல்டிமீட்டர், ஸ்க்ரூடிரைவர், டேப்.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பழைய வண்டியை எடுத்துக்கொண்டு குற்றாலம் போக நினைப்பவர்கள்தான் இதைப் படிப்பீர்கள் என்று நம்புகிறேன். எங்களுடையது எழுபதுகளில் வந்த 350 சிசி வண்டி. எஞ்சினையும் சேசிஸையும் மட்டும் வாங்கி, மீதி எல்லாவற்றையும் வீட்டுக் கொட்டகையில் நாங்களே பூட்டினோம். மாற்றங்களை ஆர்சியில் முறையாகப் பதிந்தாயிற்று. அந்த அலைச்சலைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம்.

இரும்பு வேலை முழுவதும் இசக்கியுடையது. வயரிங் என்னுடையது. நான் பாளையில் இன்வெர்ட்டர், பேட்டரிக் கடை வைத்திருக்கிறேன். பதினாறு வருஷமாக ஊரார் வீட்டு மின்சாரத்தைச் சரிசெய்கிறேன் என்ற திமிர் எனக்கு உண்டு, அதை மறைக்கவும் மாட்டேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் புறவழிச்சாலையில் மாடு குறுக்கே வந்து இசக்கி விழுந்தார். வலது காலில் பிளேட் வைத்திருக்கிறார்கள். நடப்பார், மாடிப்படி ஏறுவார். கிக்கரை மட்டும் ஓங்கி உதைக்க முடியாது. சொந்தத்தில் எல்லோரும் ஸ்கூட்டர் வாங்கச் சொன்னார்கள். அவருக்குக் கியர் வண்டிதான் வேண்டும். படுக்கையில் கிடந்த எட்டு மாதம் அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத்தான் தெரியும். இந்தச் சேசிஸ் வீட்டுக்கு வந்த அன்றைக்குத்தான் அந்த மனுஷன் மறுபடி சத்தமாகப் பேசினார். அதனால் கிக்கரைக் கழற்றிவிட்டு செல்ஃப் ஸ்டார்ட்டர் பொருத்தினோம். பேட்டரி இறங்கிவிட்டால் இறக்கம் பார்த்துத் தள்ளிக் கிளப்புவதைத் தவிர வேறு வழியில்லை என்று தெரிந்தேதான் செய்தோம்.

பேட்டரி இறங்கத்தான் செய்தது. வண்டி ஓடும்போது எஞ்சினோடு சுற்றும் காந்தத்துக்குள் இருக்கும் காயில் என்ற கம்பிச்சுருள்தான் மின்சாரம் தரும். அதிலிருந்து மூன்று மஞ்சள் வயர்கள் ரெகுலேட்டருக்குப் போகும், அங்கிருந்து பேட்டரிக்கு. எல்லாம் ஒழுங்காக இருந்தால் ஓடும்போது பேட்டரியில் பதினான்கு வோல்ட் காட்ட வேண்டும். கொட்டகையில் வைத்துப் பார்த்தால் 14.1 காட்டும். ரோட்டில் இறக்கினால் 12.4, 12.2 என்று இறங்கிக்கொண்டே போகும். ரெகுலேட்டரை இரண்டு முறை மாற்றினேன். பேட்டரியை ஒரு முறை மாற்றினேன். வயர்கள் இணையும் கப்ளருக்குள் பித்தளைப் பின்களில் பச்சை பூத்திருந்தது, மழைத்தண்ணீர் என்று நினைத்துத் துடைத்தேன். ஒவ்வொரு முறையும் நான் மீட்டரை எடுத்தால் இசக்கி முந்திக்கொள்வார். "நீ டீய குடிச்சிட்டு வா, நான் சைடு பேனல கழத்தி வைக்கேன்" என்பார். நல்ல புருஷன் என்று நானும் டீயைக் குடித்தேன்.

மூன்றாவது முறை வண்டியைக் குட்டி யானை லோடு வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று நான் சொல்லிவிட்டேன்: குற்றாலம் வரை ஒரே ஒரு பயணம், இந்த முறையும் லோடு வண்டியில் திரும்பினால் விற்றுவிட வேண்டும். வாங்க ஆள் தயாராக இருந்தார். ஆலங்குளத்தில் விதைக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி, பழைய வண்டிகளில் பித்துப் பிடித்தவர். இசக்கி உடனே சரி என்றார். அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதுதான் எனக்கு என்னவோபோல் இருந்தது.

நெல்லையிலிருந்து தென்காசி ஐம்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். இப்போது நான்குவழிச் சாலை, அடித்துப் பிடித்துப் போக வேண்டிய அவசியமே இல்லை. கிளம்பும்போது, ஹேண்டில்பாரில் நான் பொருத்தியிருந்த வோல்ட் மீட்டரில் 12.7. ஆலங்குளம் தாண்டும்போது 12.4. ஹெட்லைட்டை அணைக்கச் சொன்னேன். பாவூர்சத்திரம் தாண்டியதும் மலை தெரிந்தது, மேகம் பாதி மலையை மூடியிருந்தது. தென்காசி நெருங்கும்போதே முகத்தில் சாரல். சாரலில் விளக்கில்லாமல் போக முடியாது, மறுபடி போட்டோம். ஊருக்குள் நுழையும்போது 12.1.

தென்காசியில் இட்லி சாப்பிட்டோம். இரண்டு பேருக்கும் சேர்த்து நூற்று முப்பது ரூபாய், சாம்பார் சுமார். இந்தப் பக்கத்துப் பரோட்டாவைப் பற்றி நான் எழுதப்போவதில்லை, அதற்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கை கழுவிவிட்டு வந்ததும், இப்போதே திறந்து பார்த்துவிடலாம் என்றேன்.

"இங்கன வேண்டாம்ட்டி, ரோட்டுல நின்னுக்கிட்டு. மொதல்ல குளிச்சிட்டு வந்துருவோம்."

"குளிச்சிட்டு வரதுக்குள்ள பேட்டரி செத்துரும்."

"சாவாது. நீ ஏறு."

குற்றாலம் மெயின் அருவிப் பக்கம் கூட்டம் தாங்காது என்று நேரே ஐந்தருவிக்குப் போனோம். தென்காசியிலிருந்து பத்து கிலோமீட்டர்தான், ஆனால் சீசன் சனிக்கிழமையில் முக்கால் மணி நேரம் ஆனது. கார்களுக்குப் பின்னால் முதல் கியரில் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது காயில் எவ்வளவுதான் தரும்? வாகன நிறுத்தத்தில் நிறுத்தும்போது 11.8. அணைத்துவிட்டு ஸ்டார்ட்டரை ஒரு தரம் அமுக்கிப் பார்த்தேன். ரிலே டக் டக் என்று அடித்துவிட்டு நின்றுபோனது. பேட்டரி இறங்கிவிட்டது, இனி வண்டியை விற்றாக வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

டிக்கெட் கிழிக்கிற பையனைத் தேடி வந்த காக்கிச்சட்டைக்காரர் எங்கள் பக்கம் திரும்பினார். "வண்டி ஓடாதா? அப்போ ஓரமா தள்ளிப் போடுங்க. பின்னால வேன் நிக்கி."

தள்ளினோம். இசக்கி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "குட்டி யானைக்குச் சொல்லிரு. நான் ஒரு முக்கு முங்கிட்டு வாரேன்" என்று அருவியைப் பார்த்துப் போய்விட்டார். அவர் நடையில் ஒரு சுணக்கமும் இல்லை. விற்கப்போகிற ஆள் மாதிரியே தெரியவில்லை, அல்லது விற்று முடித்த ஆள் மாதிரி இருந்தது. எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. போனை எடுத்து லோடு வண்டிக்காரர் எண்ணைத் தேடினேன். பிறகு போனைப் பைக்குள் போட்டுவிட்டு, மல்டிமீட்டரை எடுத்தேன். தோற்றால்கூட காரணம் தெரிந்து தோற்க வேண்டும்.

சைடு பேனலுக்கு இரண்டே திருகு. வண்டி கட்டிய இந்த ஒரு வருஷத்தில் அதை நானாகக் கழற்றுவது அதுதான் முதல் முறை.

உள்ளே எலுமிச்சம்பழம் தொங்கியது.

ஒரு பழம், ஐந்து பச்சை மிளகாய், ஒரு கரித்துண்டு. கடைகளின் வாசலில் கட்டுவார்களே, அதே சரம். மெல்லிய இரும்புக் கம்பியில் கோத்திருந்தது. கம்பியின் ஒரு முனை சேசிஸ் போல்ட்டில் முறுக்கியிருந்தது. மறுமுனை தொங்குவதற்குத் தோதாக, மூன்று மஞ்சள் வயர்கள் வந்து சேரும் கப்ளரின் பின்பக்க இடுக்கில் செருகியிருந்தது. மல்டிமீட்டரை இணைப்பு பார்க்கும் கன்டினியூட்டியில் வைத்து மஞ்சள் வயர் ஒன்றையும் சேசிஸையும் தொட்டேன். பீப் என்று கத்தியது. அந்தச் சத்தம் வரவே கூடாது. காயிலிலிருந்து வரும் மின்சாரத்தில் ஒரு பங்கு நேரே இரும்புக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. எலுமிச்சைச் சாறு வடிந்துதான் பின்களில் பச்சை பூத்திருந்தது. மழைத்தண்ணீராம்.

வண்டிக்கு முதல் பூஜை போட்ட அன்றே சொன்னேன், பொட்டு வையுங்கள், தேங்காய் உடையுங்கள், என் வயரிங் பக்கம் எதையும் கட்டாதீர்கள் என்று. முன்னால் ஹேண்டில்பாரில் கட்டினாலும் வண்டி அழகு கெடும் என்றேன். அதனால்தான் மனுஷன் எனக்குத் தெரியாத இடத்தில் கட்டியிருக்கிறார். நான் மீட்டரோடு வரும்போதெல்லாம் முந்திப்போய்ப் பேனலைக் கழற்றி, சரத்தைச் சட்டைப்பையில் போட்டிருக்கிறார். நான் பார்க்கும்போது 14.1. நான் போனதும் மறுபடி கட்டுவார். வெள்ளிக்கு வெள்ளி புதுப்பழம் வேறு.

தலை சொட்டச் சொட்ட இசக்கி வந்தார். என் கையில் இருந்ததைப் பார்த்ததும் அப்படியே நின்றார்.

"என்னது இது?"

"எலுமிச்சம்பழம்."

"அது தெரியுது. எப்போ கெட்டுனீய?"

"மொதல்லருந்தே." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒரு பழம் என்னட்டி செஞ்சிரப் போவுது?"

"பழம் ஒண்ணும் செய்யல. கம்பிதான் செஞ்சிச்சு. ரெண்டு ரெகுலேட்டர், ஒரு பேட்டரி. நான் ராத்திரி தூங்காம அந்த வயரையே பிடிச்சிட்டுக் கெடந்தேன். ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

அவர் வண்டியில் சாய்ந்துகொண்டார். "மாடு வந்த அன்னைக்கு அந்த வண்டில ஒண்ணும் கெட்டலட்டி" என்றார். "சொன்னா நீ சிரிப்பே. பயந்தாங்கொள்ளிக்கு எதுக்கு கியர் வண்டின்னு கேப்பே."

கேட்டிருப்பேன். ஒவ்வொரு முறை வண்டி நின்றபோதும் அவருக்கு ஒரு பக்கம் நிம்மதியாக இருந்தது என்றும் அன்றைக்குத்தான் சொன்னார்.

பெட்ரோலில் பழைய பல்துலக்கியை நனைத்து பின்களைத் தேய்த்தேன், கப்ளரை அமுக்கிப் பூட்டினேன், திறந்த பின்பக்கத்துக்கு டேப் சுற்றினேன். பதினைந்து நிமிஷ வேலை. ஸ்டார்ட்டருக்குப் பேட்டரியில் தெம்பில்லை. ஆனால் வாகன நிறுத்தத்திலிருந்து ரோட்டுக்கு நல்ல இறக்கம். அவர் ஏறி உட்கார்ந்து இரண்டாம் கியரில் கிளட்சைப் பிடித்துக்கொள்ள, நானும் காக்கிச்சட்டைக்காரரும் தள்ளினோம். இறக்கத்தின் பாதியில் கிளட்சை விட்டார். வண்டி ஒரு உதறு உதறிக் கிளம்பியது. ஓடிப்போய் மீட்டரைப் பார்த்தேன். 12.9, 13.5, 14.1. ஹெட்லைட்டைப் போட்டேன். 13.9. அங்கேயே நின்றது.

மெயின் அருவிக் கோயில் பக்கத்துக் கடையில் புதுச் சரம் வாங்கினோம். கம்பியை உருவிவிட்டு நூலில் கோத்து, ஹேண்டில்பாரில், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நானே கட்டினேன். அழகு கெட்டால் கெட்டுப்போகட்டும். அன்றிரவு தென்காசியில் தங்கினோம். அறை ஆயிரத்து இருநூறு, சீசனில் இது மலிவு. காலையில் ஒரே அமுக்கில் வண்டி கிளம்பியது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். சனி, ஞாயிறில் ஐந்தருவிக்கு எட்டு மணிக்குள் போய்விடுங்கள். சோப்பு, ஷாம்புக்கு அனுமதியில்லை. பழைய வண்டி என்றால் நிறுத்தும்போதே இறக்கம் பார்த்து நிறுத்துங்கள். நெரிசலில் ஊரும்போது தேவையில்லாத விளக்குகளை அணையுங்கள். சார்ஜ் ஏறவில்லை என்றால் ரெகுலேட்டரை மாற்ற ஓடாதீர்கள். காயில் வயரைக் கப்ளரில் பிரித்து, சேசிஸோடு எங்காவது ஒட்டுகிறதா என்று பாருங்கள். கப்ளரைத் தொடும் முன், வண்டி ரோட்டில் எப்படி ஓடுகிறதோ அதே நிலையில் ஒரு முறை சோதியுங்கள். பேனலை நீங்களே கழற்றுங்கள்.

திரும்பும்போது ஆலங்குளத்தில் விதைக்கடை முன்னால் நிறுத்தினோம். அண்ணாச்சி மூட்டைகளுக்கு நடுவிலிருந்து எழுந்து வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"எலே இசக்கி, ஓடிச்சா, நின்னுச்சா?"

"ஓடிச்சு அண்ணாச்சி."

"அப்போ குடுக்க மாட்டே."

"குடுக்கல அண்ணாச்சி." இசக்கி சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டார். "ஆனா ஒண்ணு. இதுல ஏறி உக்காந்தா எனக்கு இன்னும் கை நடுங்குது. இவளுக்கே நேத்துதான் தெரியும்."

கடையில் விதை வாங்க வந்த நாலு பேர் நின்றார்கள். அவர்கள் காதிலும் விழுந்தது. இசக்கி அதைப் பொருட்படுத்தவில்லை.

அண்ணாச்சி சீட்டில் இருந்த தண்ணீரைக் கையால் வழித்துவிட்டார். "நடுங்குச்சுன்னா மெதுவா போலே. டீ சொல்லட்டா?"

டீ குடித்துவிட்டுக் கிளம்பினோம். அவர் ஹேண்டிலைப் பிடித்ததும் அவர் தோளில் கை வைத்தேன். எஞ்சின் இன்னும் ஓடவில்லை. தோள் மெதுவாக அதிர்ந்துகொண்டிருந்தது. ஒரு வருஷமாக அதே தோளைப் பிடித்துக்கொண்டுதான் பின்னால் உட்கார்ந்து போகிறேன். அது வண்டியின் அதிர்வு என்று நினைத்திருந்தேன்.