மான் குரல் கேட்கப் போன மாலை

படிப்பு முடிந்தபோது எனக்குத் தலைநகரிலேயே வேலை கிடைத்தது. வேண்டாம் என்று எழுதிவிட்டு டெனிஷ் நாட்டின் மறுகோடியில், யூட்லாந்தின் மேற்குப் பக்கத்துக்கே திரும்பி வந்தேன். ஏன் என்று கேட்பவர்களுக்கு வரிசையாகச் சொல்ல என்னிடம் காரணங்கள் உண்டு. காரை எடுத்தால் அரை மணி நேரத்தில் கடல். ஓகஸ்டில் புதர்வெளி முழுவதும் ஊதாவாகப் பூத்துக் கிடக்கும். இலையுதிர் காலத்தில் காட்டு வாத்துகள் கூட்டம் கூட்டமாகக் கூரைக்கு மேலால் சத்தம் போட்டுக்கொண்டு போகும். காற்றாலைகளின் இரைச்சலை அளப்பது என் தொழில். அதற்கு முதலில் வேண்டியது வேறு இரைச்சல் இல்லாத ஓர் இடம். அதுவும் இங்கே தாராளமாகக் கிடைக்கிறது. காலையில் கதவைத் திறந்தால், யாருக்கென்று தெரியாவிட்டாலும், ஒரு நன்றி சொல்லத் தோன்றும்.

ஆனால் நாங்கள் இங்கே தங்கியது இந்தக் காரணங்களால் அல்ல. அதைத் தீர்மானித்தவர் அம்மா. அது நடந்த மாலையில் எனக்கு ஒன்பது வயது.

எங்கள் வீடு ஹொல்ஸ்டெப்ரோவுக்கு வெளியே, கடைசித் தெருவில் கடைசி வீடாக இருந்தது. பின்வேலிக்கு அப்பால் ஒரு சிறு புல்வெளி, அதற்கப்பால் காடு. அப்பா ஜன்னல் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்தார். நாள் முழுக்க ஊருக்கு ஜன்னல் செய்கிறவனுக்குத் தன் ஜன்னலால் பார்ப்பதற்கு ஏதாவது வேண்டாமா என்பது அந்த வீட்டை வாங்கியதற்கு அவர் சொன்ன நியாயம். குளிர்காலத்தில் சின்ன மான்கள் வேலிவரை வந்து விழுந்த அப்பிள்களைத் தின்றுவிட்டுப் போகும். அப்பா எங்களை ஓசைப்படாமல் எழுப்பிக் காட்டுவார். அம்மா எழும்ப மாட்டார். காட்டுப் பக்கத்துத் திரைச்சீலைகளை வெயில் இறங்கும் முன்பே இழுத்து மூடிவிடுவதும் அவர்தான். அப்பா பணம் கொடுத்து வாங்கிய காட்சி பாதிநாள் துணிக்குப் பின்னால் கிடந்தது.

"ஈ காக்கா இல்லாத இடம்," என்பார் அம்மா. "செத்துக் கிடந்தாலும் கேக்க ஒருத்தரும் இல்லை."

அதிலிருந்து நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான்: அம்மாவின் வியாதிக்குப் பெயர் ஆளில்லாமை, அதற்கு மருந்து ஆட்கள்.

மருந்து, தலைநகருக்குப் பக்கத்தில், புரொண்பியில் இருந்தது. அங்கே அம்மாவின் அக்கா, எங்கள் பெரியம்மா, ஒரு மாடிக் குடியிருப்பில் இருந்தார். அவர் சொல்வதன்படி, கீழே இறங்கினால் தமிழ்; மேலே ஏறினால் தமிழ்; முருங்கைக்காயை நடந்து போயே வாங்கலாம். அந்த இலையுதிர் காலத்தில் அவர்களுடைய படிக்கட்டிலேயே ஒரு வீடு காலியானது. பெரியம்மா ஒவ்வொரு இரவும் தொலைபேசியில் வந்தார். குரல் பலமானதால் எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

"அங்கை என்னடி கிடக்கு? மாடும் காத்தும்! திங்கக்கிழமைக்குள்ளை ஓமெண்டு சொல்லாட்டி வேறை ஆரும் எடுத்துப்போடுவினம்."

அம்மா அப்பாவைப் பார்ப்பார். அப்பா, "யோசிப்பம்" என்பார். அப்பாவின் யோசிப்பம் என்பதற்கு வேண்டாம் என்று பொருள். அது அம்மாவுக்கும் தெரியும்.

எனக்குப் போக விருப்பமில்லை. எனக்கென்று இங்கே தவளைக் குட்டை ஒன்று இருந்தது. அடுத்த வீட்டுக்காரரின் கிழட்டு மட்டக்குதிரை என் கையால் மட்டும் கரட் தின்னும். காட்டு ஓரத்தில் குப்புறப் படுத்துப் புத்தகம் படிக்கக்கூடிய ஒரு சாய்ந்த மரமும் இருந்தது. ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை அப்பா நூலகத்திலிருந்து ஓர் அறிவிப்புத் தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். செப்டெம்பரில் பெரிய மான்கள் இணை தேடிக் குரல் கொடுக்கும். அதைக் கேட்பதற்கென்றே டெனிஷ்காரர்கள் மாலையில் காட்டுக்குப் போவார்கள். கூட்டிப்போக ஒரு வழிகாட்டியும் வருவார்.

"நாளைக்கு ஒருக்கா வாரும்," என்றார் அப்பா. "வந்து கேட்டிட்டு, அதுக்குப் பிறகு நீர் சொல்லுறதுதான். போறதெண்டால் போவம்."

"மான் கத்துறதைக் கேக்கவோ? உங்களுக்கு விசரே?"

"விசரெண்டே வைச்சுக்கொள்ளும்."

அம்மா சிறிது நேரம் அந்தத் தாளில் இருந்த மானைப் பார்த்தார். பிறகு ரோல்ஸுக்கு உருளைக்கிழங்கு அவிக்கப் போனார். எங்கே போவதானாலும் சாப்பாடு இல்லாமல் போவது அவர் அறியாத கலை.

காட்டின் வாசலில் கார் நிறுத்துமிடத்தில் டெனிஷ்காரர்கள் முன்பே நின்றார்கள். எல்லாருடைய உடுப்பும் கரும்பச்சை, மண்ணிறம். நாங்கள் பிஸ்கட் பெட்டி நிறைய ரோல்ஸோடும், தூங்கி விழும் தம்பியோடும், அப்பாவின் புது மழைச்சட்டையோடும் இறங்கினோம். வழிகாட்டி நெடிய மனிதர். பேசும்போதே பாதி இரகசியமாகப் பேசினார். உள்ளே போனபின் கதைக்கக்கூடாது, இருமக்கூடாது, வெளிச்சம் போடக்கூடாது, சாப்பாடு கடைசியில்தான் என்று சொல்லிவிட்டு அப்பாவைப் பார்த்தார். அப்பா அசையும்போதெல்லாம் சட்டை சரசரத்தது. அதைக் கழற்றிக் காரில் வைக்க வேண்டி வந்தது. மெல்லிய சுவெற்றரோடு நின்ற அப்பாவை அம்மா ஒரு பார்வை பார்த்தார். மானுக்காக நடுங்கு என்ற பார்வை.

பிறகு அவர் தன் காப்புகளைப் பார்த்தார். யாரும் சொல்லவில்லை. அப்பாவின் பொக்கற்றிலிருந்து லேஞ்சித் துணியை எடுத்து, காப்புகளைச் சேர்த்து மணிக்கட்டோடு சுற்றி இறுக்கி முடிந்தார். பல்லால் முடிச்சை இழுத்த வேகத்தைப் பார்த்து நான் வியந்தேன். ஏதோ தினமும் செய்கிற வேலை போல இருந்தது.

நடந்தோம். ஊசியிலை மரங்களுக்கு இடையில் வெளிச்சம் சாம்பலாகிக்கொண்டு வந்தது. ஒரு மேட்டுக்குப் பின்னால் வழிகாட்டி கையைத் தாழ்த்த, எல்லாரும் ஈரப்புல்லில் குந்தினோம். முன்னால் ஒரு வெளி, வெளிக்கு அப்பால் இருள்.

எங்கள் வீட்டில் அம்மாதான் சத்தம். குளித்தால் சத்தம், குழம்பு வைத்தால் சத்தம், தொலைபேசியில் பெரியம்மாவோடு கதைத்தால் அடுத்த வீட்டு மட்டக்குதிரைக்கும் விஷயம் தெரியும். அதனால் குழுவை முதலில் காட்டிக்கொடுப்பவர் அவராகத்தான் இருப்பார் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். டெனிஷ்காரர் ஒருவர் மூக்கை உறிஞ்சினார். ஒருவருக்கு முழங்கால் சொடுக்கியது. அப்பாவின் பற்கள் மெல்ல அடித்துக்கொண்டன. அம்மாவிடமிருந்து ஒன்றுமே வரவில்லை. மூச்சுக்கூட இல்லை. வாயைச் சிறிது திறந்து வைத்திருந்தார். அப்படி விட்டால் மூச்சு கேட்காது என்பது எனக்குப் பல வருடங்களுக்குப் பிறகு, ஒலிவாங்கிகளோடு வேலை செய்யப் போனபோதுதான் தெரிந்தது. தம்பி அவர் மடியில் தூங்கிவிட்டான். தூங்குகிறவனின் வாய்க்கு மேலே, தொடாமல், அம்மாவின் கை நின்றது.

இப்போது எனக்குத் தெரியும். அம்மாவின் ஊரில் வீட்டுக்குப் பின்னால் பனைகள் அடர்ந்த ஒரு பனங்கூடல் இருந்தது. அவர் சிறுமியாக இருந்த போர்க்காலத்தில் இரவுகளில் அதற்குள் ஆட்கள் வந்து நிற்பார்கள். எந்தப் பக்கத்து ஆட்கள் என்று தெரியாது. விளக்கை அணைத்துவிட்டு, சின்னப் பிள்ளைகளின் வாயைப் பொத்திக்கொண்டு, வீட்டுக்குள் எல்லாரும் குந்தியிருப்பார்கள். இதையெல்லாம் அவர் ஒரே நாளில் சொல்லவில்லை. வெங்காயம் உரிக்கும்போது ஒரு துண்டு, கார் பழுதாகி வீதியோரம் நின்றபோது ஒரு துண்டு என்று வருடக்கணக்கில் சொன்னார். அந்த மாலையில் எனக்கு அதில் ஒரு துண்டும் தெரியாது. அம்மா நன்றாகச் செய்கிறார் என்று பெருமையாக மட்டும் இருந்தது.

மான் கத்தியது. கத்தல் என்றால் போதாது. பெரிய பீப்பாய் ஒன்றைக் கல்லின் மேல் இழுப்பது போல அடிவயிற்றிலிருந்து வந்தது. வெளியின் மறு ஓரத்தில் இன்னொன்று பதில் சொன்னது. இருளிலிருந்து கொம்புகள் முதலில் வந்தன, பிறகு மான் வந்தது. அது தலையை நிமிர்த்திக் குரல் கொடுக்கும்போது வாயிலிருந்து புகை எழுந்தது. நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் மானைப் பார்க்கவில்லை. மானுக்குப் பின்னால் இருந்த மரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்ததும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வாய் திறந்தது. கொக்கோ ஊற்றினார்கள். ரோல்ஸ் பெட்டி கை மாறியது. வழிகாட்டி எங்களிடம் வந்து, இவ்வளவு காலத்தில் இப்படி அமைதியாக இருந்த ஒருவரைத் தான் கண்டதில்லை, உன் அம்மா எங்கே பழகினார் என்று கேள் என்றார். முதியோர் இல்லத்தில் வேலை செய்த அம்மாவிடம் கட்டிலுக்கும் சூப்புக்கும் போதுமான டெனிஷ் மட்டும் இருந்ததால், அப்பா இல்லாத இடங்களில் நான்தான் மொழிபெயர்ப்பாளர். அப்பா தம்பியைக் காரில் கிடத்தப் போயிருந்தார்.

"சின்னனிலை பழகினது எண்டு சொல்லு," என்றார் அம்மா.

சொன்னேன். அங்கேயும் மான் உண்டோ என்று வழிகாட்டி ஆவலாகக் கேட்டார். அம்மா அதைக் காதில் வாங்கவில்லை. காட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"பிள்ளை, இவரிட்டைக் கேள். நாங்கள் போனாப்பிறகு, ராவிலை இந்தக் காட்டுக்கை ஆர் நிப்பினம்?"

கேட்டேன். வழிகாட்டி தோளைக் குலுக்கினார். ஒருவரும் இல்லை, மான், நரி, ஆந்தை, அவ்வளவுதான் என்றார்.

திங்கட்கிழமை வரப்போகிறது. இந்த இடத்தில் ஒருவரும் இல்லை என்று வருடக்கணக்காகப் புலம்புகிறவரிடம் போய், காட்டிலும் ஒருவரும் இல்லை என்று எப்படிச் சொல்வது? புரொண்பி வீட்டுச் சாவியை நானே எடுத்துக் கொடுப்பது போலாகும்.

"கனபேர் நிப்பினமாம் அம்மா," என்றேன்.

"கனபேரோ? ஆர்?"

ஆரம்பித்ததை ஒழுங்காக முடிக்க வேண்டுமே. "ஆம்பிளையள். ரோச் லைற்றோடை வருவினமாம். நாயளும் கொண்டு வருவினமாம். ஒவ்வொரு நாளும். விடியுமட்டும் நிப்பினமாம்."

அம்மாவின் கை என் தோளில் விழுந்தது. கொக்கோக் கோப்பையைப் பிடித்திருந்த கைதான், ஆனால் குளிர்ந்திருந்தது.

"தம்பி எங்கை?"

"காருக்கை."

"அப்பாவைக் கூப்பிடு. போவம்."

அப்பா வந்தார். அம்மா தாழ்ந்த குரலில், வேகமாக ஏதோ சொன்னார். அப்பா என்னைப் பார்த்தார். பிறகு வழிகாட்டியிடம் தன் தொழிற்சாலை டெனிஷில் நேராகக் கேட்டார். அவர் சிரித்துக்கொண்டு, முன்பு சொன்னதையே சொன்னார். அம்மாவின் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டிருக்க வேண்டும். தனிமையாகத் தோன்றினால் சனிக்கிழமைகளில் தங்கள் நடைக் குழுவோடு சேரலாம் என்றும் சொன்னார்.

"ஒருத்தரும் நிக்கிறேல்லையாம்," என்றார் அப்பா. "மானும் நரியும்தானாம்."

"வடிவாக் கேட்டனீங்களோ?"

"கேட்டனானப்பா."

"ராவிலையும் ஒருத்தரும் இல்லையோ?"

"ராவிலையும் இல்லை. மாரியிலையும் இல்லை. ஒருநாளும் ஒருத்தரும் இல்லையாம்."

முடிந்தது என்று நான் நினைத்தேன். இவ்வளவு மோசமான செய்தியை இத்தனை தரம் திருப்பித் திருப்பிச் சொல்ல வேண்டுமா என்று அப்பாமேல் கோபம் வந்தது. அம்மா மணிக்கட்டு முடிச்சை அவிழ்த்தார்; லேஞ்சி விலக, காப்புகள் சலசலவென்று இறங்கின. அவர் வழிகாட்டியிடம் போய் அவருடைய கையைத் தன் இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார். "தூஸன் தக்," என்றார். ஆயிரம் நன்றி. கடையில் பால் வாங்கினாலும் டெனிஷ்காரர் சொல்லும் வார்த்தைதான். ஆனால் அம்மா கையை விடவில்லை. வழிகாட்டி குழம்பிப்போய், மானுக்கு நன்றி சொல்லுங்கள் என்றார். அம்மா மிச்ச ரோல்ஸைப் பெட்டியோடு அவரிடம் கொடுத்துவிட்டார். எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்க, எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த மனிதர் அப்படி எதைத் தந்துவிட்டார் என்று எனக்கு விளங்கவில்லை.

காரில் அப்பா சூடேற்றியை உச்சத்தில் வைத்திருந்தார்.

"நாளைக்கு அக்காவோடை நான் கதைக்கிறன்," என்றார் அம்மா.

"என்னெண்டு?"

"இஞ்சை ஒருத்தரும் இல்லையாம் எண்டு."

சொல்லிவிட்டு அவர் சிரிக்கத் தொடங்கினார். அப்பாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே புறங்கையால் கண்ணைத் துடைத்தார். எங்களை இந்த இடத்திலிருந்து பெயர்த்துக்கொண்டு போவதில் இவர்களுக்கு என்ன இவ்வளவு சந்தோஷம் என்று, ஒன்பது வயது அறிவுக்கு எட்டியபடி, நினைத்தேன். தம்பியின் தலையை மடியில் ஏந்திக்கொண்டு, புரொண்பிக்கு எடுத்துப்போக வேண்டியவற்றை மனதுக்குள் வரிசைப்படுத்தத் தொடங்கினேன்: முதலில் மேசை விளக்கு, பிறகு சப்பாத்துகள், பிறகு புத்தகங்கள், பெரியவை அடியில்.