ருக்மணி ஒதுங்கிய நாட்கள்

காஜா பேராங் வட்டாரத்தில் இடியாப்பம் என்றால் ருக்மணிதான். மாதத்தில் மூன்று நாள் மட்டும் அவள் அடுப்பு மூட்ட மாட்டாள். தீட்டு என்று பின்கட்டில் தனிப் பாய், தனித் தட்டோடு ஒதுங்கிவிடுவாள். இவ்வளவு ஆசாரமான பெண்பிள்ளை உண்டா என்று அக்கம்பக்கம் மெச்சும்.

அத்தனையும் நாடகம். முப்பது வயதிலேயே அவளுக்கு மாதவிலக்கு அடியோடு நின்றுபோயிற்று. ஒற்றை மகள் கமலவேணி அப்போது கைப்பிள்ளை. புருஷன் கணேசமூர்த்திக்குத் தெரிந்தால் இன்னொருத்தியைக் கட்டிக்கொள்வார் என்று பயம். பயத்தைவிட வெட்கம் பெரிது. பாவி மனுஷி, ஐம்பது வயது வரை வெறுமனே ஒதுங்கி உட்கார்ந்தாள். அந்த மனிதர் எதையும் அறியாமலே கண்ணை மூடினார்.

மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் வந்து பத்து வருஷம் ஆகியிருந்தது. கல்யாணமாகி வெகுநாளாகியும் கமலவேணிக்கு வயிறு திறக்கவில்லை. அவளையும் ஓரகத்தி சீதாவையும் மாமியார் ஒரே லேடி டாக்டரிடம் கூட்டிப் போனார். கருமுட்டையைத் தூண்டும் புது மாத்திரை அப்போதுதான் வந்திருந்தது. கூடப் போன ருக்மணியிடம் டாக்டர் கேட்டார்: "உங்களுக்கு எந்த வயசுல நின்னுச்சு? சில குடும்பத்துல முட்டை சீக்கிரமே தீர்ந்துபோகும். அது ரத்தத்துல வர்றது. அவங்களுக்கு இந்த மருந்து சரியா வேலை செய்யாது."

பக்கத்தில் சம்பந்தி. ருக்மணி அவரை ஒரு தரம் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அம்பது வயசுலதான், டாக்டரம்மா."

இருவருக்கும் ஒரே மாத்திரை. சீதா உண்டானாள். கமலவேணிக்குத் தலைச்சுற்றலும் வாந்தியும்தான் மிச்சம்.

புக்கிட் பாருவில் மாமியார் வீட்டில் சீதாவுக்கு வளைகாப்பு. பிள்ளையில்லாதவளையும் பக்கத்தில் உட்காரவைத்து வளையல் போடுவது வழக்கம். கமலவேணி கையை நீட்டினாள். மாமியார் வளையலைப் பிடுங்கிக்கொண்டார்.

"இவளுக்கு எதுக்கு? அதே டாக்டர், அதே மாத்திரை. சீதாவுக்குக் கரு தங்கலயா? இவ முழுங்காமத் துப்பியிருக்கா. என் மகனுக்கு வேற பொண்ணு பாக்கத்தான் போறேன்."

கமலவேணி நீட்டிய கையை மடக்கவும் மறந்து உட்கார்ந்திருந்தாள். விதவை என்று ருக்மணி ஓரமாக நின்றிருந்தாள். ஆனாலும் முன்னே வந்து சொன்னாள்.

"அவ துப்பல, சம்பந்தி. எனக்கு முப்பதுலயே நின்னுபோச்சு. டாக்டர்கிட்ட பொய் சொன்னேன். என் ரத்தந்தான் அவளுக்கும்."

"அப்ப மாசாமாசம் ஒதுங்குனீங்களே, அக்கா?" என்றாள் கூட வந்திருந்த பக்கத்து வீட்டு விஜயா. யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

சம்பந்தி சிரிக்கவில்லை. "அப்ப இனிமே எந்த மருந்தும் பலிக்காது. நல்லதாப் போச்சு, மனசு உறுத்தாமப் பொண்ணு பாக்கலாம்."

மகளைப் பொய்க்காரி பட்டத்திலிருந்து காப்பாற்றப் போய், அவள் வாழ்க்கையில் மண்ணைப் போட்டுவிட்டாள்.

தாய் வீட்டுக்குப் போகும் மூன்று சக்கரத் திரிஷாவில் கமலவேணி அம்மா பக்கம் திரும்பினாள். மெதுவாகக் கேட்டாள்.

"எனக்குக் கல்யாணம் ஆன கையோட சொல்லியிருக்கக் கூடாதாம்மா? வீடு வாங்கிட்டுப் பெத்துக்கலாம்னு நாலு வருஷம் நாங்களாத்தானே தள்ளிப்போட்டோம். தெரிஞ்சிருந்தா முட்டை தீர்றதுக்கு முந்தியே பெத்திருப்பேனே."

ருக்மணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மூடி என்ன பயன்? மகள் அழுவது காதில் விழத்தான் செய்தது.