மூன்று பேரில் பின்வரிசை

தேயிலை எஸ்டேட்டில் நடனம் சொல்லிக்கொடுத்த காலத்தில் நான் எந்தப் பிள்ளைக்கும் மார்க் போட்டதில்லை. அடவு சுத்தமாக வந்தால் ஒரு வரிசை முன்னால் நிறுத்துவேன், அவ்வளவுதான். பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு வரும் தாய்மார்கள், வகுப்பு நடக்கும் ஆயாக்கொட்டகைக்குள், அதுதான் எஸ்டேட்டின் பிள்ளைக் காப்பகத்துக்குள், எட்டிப் பார்ப்பார்கள். மகள் எந்த வரிசையில் நிற்கிறாள் என்று பார்த்தாலே அவர்களுக்குப் போதும்.

எஸ்டேட் ஆபீஸ் கிளார்க்கான கிராணியாரின் மகள் கடைசி வரிசை. அவளுக்குத் தாளம் இன்னும் பிடிபடவில்லை.

"தீபாவளி ஆட்டத்தைப் பார்க்க எஸ்டேட் துரை வர்றாரு. எம்மவளை முன்னால நிறுத்தும்மா" என்றார் கிராணியார்.

"தாளம் வரட்டும். தானா முன்னால வருவா" என்றேன்.

அவசரகாலச் சட்டம் இருந்த நேரம் அது. நாலு பேருக்கு மேல் கூடினால் போலீஸ் அனுமதி வேண்டும். வகுப்புக்கு அதை வாங்கித் தருபவர் கிராணியார்தான். இனி வாங்க முடியாது என்று சொல்லிவிட்டார். நான் அவர் வீட்டு வாசலில் போய்க் கெஞ்சுவேன் என்று நினைத்திருப்பார்.

மறுநாளிலிருந்து பிள்ளைகளை மூன்று மூன்று பேராக வரச் சொன்னேன். என்னோடு சேர்த்து நாலு பேர், எந்தப் போலீஸும் கேட்க முடியாது. கிராணியார் மனைவியே மகளைக் கூட்டிக்கொண்டு வந்து விட்டுப் போனார்.

மூன்று பேரிலும் பின்வரிசை உண்டு. இரண்டு பேரை முன்னால் நிறுத்தினேன். கிராணியார் மகளைப் பின்னால் நிறுத்தினேன்.