மனோன்மணி டாக்டரின் இரண்டாம் பக்கம்

மனோன்மணி டாக்டர் இறந்துபோன செய்தி எனக்கு ஒரு விளம்பரமாகத்தான் வந்தது. காலையில் கைபேசியைத் திறந்தால் அவருடைய படம், மாலை, பக்கத்திலேயே ஓமத் தைலப் புட்டி. ‘எங்கள் தைலத்தின் தாய்க்குக் கண்ணீர் அஞ்சலி’ என்று கீழே எழுதியிருந்தது. அனுப்பியவர் தைலக் கம்பெனி முதலாளி. அழுகை வருவதற்கு முன்பே எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. இன்னும் தணியவில்லை, தணியவும் வேண்டாம்.

நாமக்கல்லில் கோழி வளர்க்கிற உங்களுக்கு அவரைத் தெரியும். கால்நடை மருத்துவர். சேந்தமங்கலம் சாலையில் சின்னதாக ஒரு பரிசோதனைக்கூடம் வைத்திருந்தார். கோழி எச்சத்தில் இருக்கும் ஒட்டுண்ணி முட்டைகளை நுண்ணோக்கியில் எண்ணுவது என் வேலை. எந்த எச்சம் எந்தப் பண்ணையுடையது என்று மட்டும் எண்ணி முடிக்கும்வரை சொல்ல மாட்டார். கேட்டால், “தெரிஞ்சா உங்க கண்ணு நமக்கு வேண்டியதைத்தானுங்க எண்ணும்” என்பார்.

தைலக் கம்பெனி முதலாளி கேட்டுக்கொண்டபடி, இந்த ஒட்டுண்ணியால் குஞ்சுகளுக்கு வரும் ரத்தக் கழிச்சலுக்கு ஓமத் தைலம் கேட்குமா என்று சோதித்தபோது, ஒரு பண்ணையில் எண்ணிக்கை இறங்கவே இல்லை. நேராக அங்கே போய்த் தண்ணீர்த் தொட்டியின் ஏணியில் ஏறினார். பண்ணைக்காரர் தைலத்தை அப்படியே தொட்டியில் ஊற்றியிருந்தார். “எண்ணெய் மேல மிதக்குது, குஞ்சு அடியில வர்ற தண்ணியக் குடிக்குது. அப்பறம் எப்படிங்க கேக்கும்?” என்று சிரித்தார். பிறகு தீவனத்தில் கலந்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினோம்.

கடைசியில் இரண்டு பக்கத்துக்கு அறிக்கை எழுதினார். தைலம் சேர்த்தால் ஒட்டுண்ணி குறைகிறது என்பது முதல் பக்கம். தைலம் மட்டும் போதாது, நோய் கண்ட குஞ்சுக்கு மருந்தை நிறுத்தக் கூடாது என்பது இரண்டாம் பக்கம். முதலாளி முதல் பக்கத்தை மட்டும் டாக்டர் பெயரோடு நோட்டீஸ் அடித்து ஊரெல்லாம் கொடுத்தார்.

காளியப்பன் என்ற பண்ணைக்காரர் ஒரு கூடை நிறையச் செத்த குஞ்சுகளோடு வந்து நின்றார். “ஏனுங்க டாக்டரம்மா, உங்க பேரப் பாத்துத்தானுங்க மருந்த நிறுத்துனேன்.” டாக்டர் ஒவ்வொரு குஞ்சையும் அறுத்துப் பார்த்தார். குடலெல்லாம் ரத்தம். “என் பேராலதான் செத்துருக்குது சாமி” என்றார்.

இரண்டாம் பக்கம் எங்கே என்று டாக்டர் கேட்கப் போனபோது முதலாளியிடம் நானும் கூடப் போனேன். “நோட்டீசுல எடம் பத்தலீங்கம்மா” என்றார் அவர், முகம் கூடச் சுளிக்காமல். அதன்பிறகு பழியை டாக்டர்மேல் போட்டு, எங்களுக்கு எச்சம் அனுப்புவதை ஒவ்வொருவராக நிறுத்தினீர்கள். ஆமாம், உங்களைத்தான் சொல்கிறேன். தைலத்தை மட்டும் வாங்கிக்கொண்டே இருந்தீர்கள். நான் முதலாளியைத் திட்டும்போதெல்லாம், “திட்டி என்னங்க ஆகப்போகுது, எண்ணுனதப் பத்திரமா வைங்க” என்பார். ஆளில்லாத கூடத்தில் நுண்ணோக்கியைத் துடைத்துக்கொண்டே போய்ச் சேர்ந்தார்.

அவருடைய பொறுமை எனக்கு வரவில்லை, வர வேண்டும் என்ற ஆசையும் இல்லை. அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அவர் கையெழுத்திட்ட அந்த இரண்டாம் பக்கம். நம் பண்ணையாளர் மாத இதழில் முதலாளியின் விளம்பரம் எப்போதும் ஒரு முழுப் பக்கம் வரும். இந்த மாதம் அதற்கு நேர் எதிரே டாக்டரின் பக்கத்தைப் போடச் சொல்லி ஆசிரியரிடம் கொடுத்துவிட்டேன். ஒரு சொல் கூட விடவில்லை. இடம் தாராளமாகப் போதும்.