வேலை வெளியே, விளையாட்டு உள்ளே

என் தங்கை மரகதம் போய்விட்ட செய்தி எனக்குக் கொள்ளேகால் பஸ் ஸ்டாண்டில் வந்தது. சொந்தக்காரர் வீட்டு வளைகாப்புக்குப் போய்விட்டு, மைசூர் வண்டிக்காக நின்றுகொண்டிருந்தேன். மதியம் மூன்று மணி இருக்கும். எதிர்வீட்டு ஜெயம்மா போன் செய்தாள். கன்னடத்தில் அழுதுகொண்டே பேசினாள். "அக்கா, மரகதம் நாற்காலியிலேயே சாய்ஞ்சு கெடந்தா. டாக்டர் வந்து பார்த்துட்டுப் போயிட்டார். நீ வந்துடு" என்றாள். பிறகு அவளே, "அந்தக் கம்ப்யூட்டர்ல கார் சத்தம் இன்னும் கேட்டுக்கிட்டே இருக்கு. எப்படி நிறுத்தறதுன்னு எங்க யாருக்கும் தெரியலை" என்றாள். "யாரும் தொட வேண்டாம். நான் வந்து நிறுத்திக்கறேன்" என்று சொன்னேன்.

நான் வந்து சேர்ந்தபோது வீடு நிறைய ஆட்கள். தங்கையைப் பாயில் கிடத்தியிருந்தார்கள். திரையில் அவளுடைய சிவப்புக் கார் ஒரு சுவரோரமாக நின்று உறுமிக்கொண்டிருந்தது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, அவள் எனக்குக் காட்டிக்கொடுத்திருந்தபடி அதை முறையாக அணைத்தேன். அதற்கப்புறம்தான் அழுதேன்.

எங்கள் தமிழ்ச் சங்க மலரில் அவளைப் பற்றி எழுத இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். நான் ஐந்தாவது வரை படித்தவள், அதுவும் கன்னடத்தில். தமிழ் எழுத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே மரகதம்தான். அவள் சின்ன வயதில் சத்தியமங்கலத்தில் பெரியம்மா வீட்டிலிருந்து எட்டாவது வரை படித்தாள். அதனால் இதில் பிழை இருந்தால் பாதிப் பிழை அவளுடையது. அவளை அறிந்த நீங்கள், ஊதுபத்தி பேக்கிங்கில் அவளோடு இருபது வருஷம் உட்கார்ந்தவர்கள், எங்கள் தெருக்காரர்கள், இதைப் படிப்பீர்கள் என்றுதான் எழுதுகிறேன். உங்களுக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது.

பாயில் கிடந்தவளைச் சுற்றி நின்றுகொண்டே நீங்கள் பேசியது என் காதில் விழுந்தது. "அந்த கேம்தான் கொண்டுபோயிடுச்சு. நெஞ்சு சரியில்லாதவளுக்கு இது எதுக்கு?" என்றார் ஒருவர். "நாற்பத்தோரு வயசுப் பொம்பளைக்குக் கார் விளையாட்டு" என்றார் இன்னொருவர். மரகதத்துக்கு ஒன்பது வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் நெஞ்சில் ஒரு வால்வைக் கெடுத்துவிட்டுப் போனது. எந்த நாளும் எதுவும் நடக்கலாம் என்று டாக்டர் என்னிடம் சொல்லி ஆறு வருஷம் ஆகிறது. அடுப்பு முன்னால் செத்திருந்தால் அடுப்பையா குறை சொல்லியிருப்பீர்கள்? பத்தி உருட்டும் பலகை முன்னால் செத்திருந்தால், கடைசி மூச்சு வரைக்கும் உழைத்தாள் என்று கையெடுத்துக் கும்பிட்டிருப்பீர்கள். விளையாடிக்கொண்டிருந்தாள் என்பதுதான் உங்களுக்குப் பொறுக்கவில்லை.

அந்தக் கம்ப்யூட்டர் எப்படி வந்தது என்று சொல்கிறேன். பேக்கிங் ஆபீஸில் புதிது வாங்கியபோது பழையதைக் கழித்துப் போட்டார்கள். ஒல்லியான பெட்டி, புத்தக அலமாரியில் படுக்க வைக்கலாம் போல. மரகதம் அதை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினாள். "இது எதுக்குடி?" என்று கேட்டேன். "கார் ஓட்டறதுக்கு" என்றாள். கிண்டல் செய்கிறாள் என்று நினைத்தேன். ஆன் செய்துவிட்டுக் குளித்து, தலை துவட்டி வந்தாலும் அது முழித்திருக்காது. கார் ஆட்டத்தைப் போட்டால் படம் படமாக நின்று நின்று வரும்.

இன்னொருத்தியாக இருந்தால் தூக்கிப் போட்டிருப்பாள், அல்லது கடன் வாங்கிப் புதிது வாங்கியிருப்பாள். இவள் ஒரு நோட்டை எடுத்து உட்கார்ந்தாள். உள்ளே எந்தச் சாமான் எவ்வளவு பாடுபடுகிறது என்று காட்டுகிற பக்கம் ஒன்று அதில் இருக்கிறது. ஆட்டம் ஓடும்போது அதைத் திறந்து வைத்து, எது நூற்றுக்கு நூறைத் தொடுகிறது என்று ஒரு மாதம் எழுதினாள். "எது மூச்சு வாங்குதோ அத மட்டும் மாத்தோணும்க்கா. மத்ததுல கை வெக்கக் கூடாது" என்றாள். மூச்சு வாங்குவதைப் பற்றி அவளுக்குத் தெரியாதா? முதல் வருஷம் மெமரி, இன்னொருவர் கழற்றிப் போட்டது. அடுத்த தசரா போனஸில் பழைய ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டாள். அன்றைக்கு நான் சொம்பில் தண்ணீர் எடுத்து வருவதற்குள் கம்ப்யூட்டர் முழித்துக்கொண்டது. ஆயுத பூஜைக்குத் தெருவே வண்டிகளுக்கும் மெஷின்களுக்கும் பொட்டு வைத்தது. இவள் அந்தப் பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து ஒரு முழம் சேவந்திப் பூவும் சுற்றினாள்.

மூன்றாவது வருஷம் கிராபிக்ஸ் கார்டு. படத்தை வரைகிற பலகை அது. மைசூர் அக்ரஹாரம் கடைவீதியில் பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கும் மாதேவண்ணா கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். அவர் கன்னடக்காரர், நல்ல மனிதர், ஆனால் பெண்கள் இரண்டு பேர் வந்து நின்றதும் என்னைப் பார்த்து, "பையன் எந்த கேம் விளையாடறான்?" என்று கேட்டார். "பையன் இல்லை. நான்" என்றாள் மரகதம். அவர் சிரித்துக்கொண்டே செங்கல் அளவுக்கு ஒரு கார்டை எடுத்து வைத்தார். இரண்டு விசிறி. மரகதம் கைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தாள். ஊதுபத்தி டப்பா அட்டை. பெட்டிக்குள் இருக்கும் இடத்தை அளந்து, கத்தரித்து, உள்ளே கார்டைக் கவ்விப் பிடிக்கும் பள்ளத்தில் இறங்குகிற பகுதி வரைக்கும் வெட்டி வைத்திருந்தாள். அதை அந்தச் செங்கல் மேல் வைத்துக் காட்டினாள். கார்டு நாலு விரல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"இந்த உயரத்துக்கு மேல போகக் கூடாது. தனியா கரண்டு வயர் கேக்கறதும் வேண்டாம். எங்க பெட்டியில இருக்கற பவர் சப்ளை அதுக்குத் தாங்காது" என்றாள்.

மாதேவண்ணா சிரிப்பை நிறுத்திவிட்டு ஏணி போட்டு மேலே ஏறினார். தூசி தட்டி ஒரு சின்னக் கார்டை எடுத்து வந்தார். அட்டை மேல் வைத்தார். அச்சாகப் பொருந்தியது. "இது பழசும்மா. புது ஆட்டம் ஓடாது" என்றார். "ஓட வேண்டாங்க. நான் ஆடாத ஆட்டம் எதுவும் எனக்குப் புதுசுதானே?" என்றாள். அதைக் கேட்டு அவர் சிரித்த சிரிப்பு வேறு மாதிரியாக இருந்தது. அந்த அட்டையைக் கடையிலேயே வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். ஒல்லிப் பெட்டி வைத்திருப்பவர்கள் வந்தால் அளந்து கொடுக்கலாமாம். "வேற வெட்டிக்கோங்க, இது என்னோட அட்டை" என்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

கார்டு போட்ட பிறகு ஆட்டம் வழுக்கிக்கொண்டு ஓடியது. படத்தில் நிழலை எல்லாம் அணைத்து வைத்திருந்தாள். "காருக்கு நிழல் எதுக்குக்கா? நிழல் இல்லாட்டி ஓடாதா?" என்பாள். ஆனால் இருபது நிமிஷம் ஓடினால் கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்துவிடும். தினமும் இதே கதை. ஒரு நாள் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "உன்ன மாதிரியேதான். அதுக்கும் நெஞ்சு சரியில்ல" என்றேன். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அப்படின்னா தொறந்து பாத்துர வேண்டியதுதான். என்னத் தொறக்கத்தான் காசில்ல" என்றாள்.

திறந்தாள். விசிறியைச் சுற்றிக் கறுப்பாக, கம்பளி மாதிரி அப்பியிருந்தது. விரலில் எடுத்து மோந்து பார்த்தாள். என்னிடம் நீட்டினாள். மோந்து பார்க்கவே வேண்டாம். அது என்னுடைய கரி. அவள் பேக்கிங்குக்குப் போவாள், நான் வீட்டில் உட்கார்ந்து பத்தி உருட்டுவேன். எங்களுக்கு இருப்பது ஒரே அறை. கரித்தூளும் பசை மாவும் பிசைந்து, குச்சியில் உருட்டி, உலர்த்தி, நாள் முழுக்கப் புழுதி. இரண்டடி தள்ளி அந்தப் பெட்டி அத்தனையையும் உள்ளே இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. பெயின்ட் பிரஷ்ஷால் துடைத்தாள், சூட்டை இழுப்பதற்காகத் தடவியிருந்து காய்ந்துபோன பேஸ்ட்டைச் சுரண்டிவிட்டுப் புதிது தடவினாள். இரண்டு மணி நேரம் அணையாமல் ஓடியது. பத்தே நாளில் மறுபடியும் கறுத்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நான் மறக்க மாட்டேன். காலையில் எழுந்து பார்க்கிறேன், என் பலகை, மாவுத் தட்டு, குச்சிக் கட்டு எல்லாம் வெளி வராந்தாவில் இருக்கிறது.

"என்னடி இது?"

"வேலை வெளிய இருக்கட்டும்க்கா. விளையாட்டு உள்ள இருக்கட்டும்."

"சோறு போடறது இதுடி! அது என்ன போடுது?"

"ஒண்ணும் போடாது. அதுக்குத்தான் அது."

"தெருவே பாத்துச் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். காத்தோட்டமா உக்காந்து உருட்டு. நான் ஓட்டறது உனக்குக் கேக்கும். உனக்கும் போரடிக்காது."

மூன்று நாள் நான் அவளோடு பேசவில்லை. நான்காம் நாள் உள்ளேயிருந்து ஒரு பெரிய மோதல் சத்தம், அதோடு அவள் சிரிப்பு. மூச்சு வாங்க வாங்கச் சிரிக்கிறாள். "என்னடி ஆச்சு?" என்று கேட்டுவிட்டேன். "பாலத்துல இருந்து கீழ விழுந்துட்டேன்க்கா!" என்றாள், பரிசு வாங்கின மாதிரி.

வெளியே உட்கார ஆரம்பித்த பிறகு என் இருமல் குறைந்தது உண்மைதான். அதை வைத்து, அக்காவின் உடம்புக்காகத் தங்கை செய்த தியாகம் என்று யாரும் கதை கட்ட வேண்டாம். அவள் விளையாடுவதற்காகத்தான் செய்தாள். என் இருமல் குறைந்தது கூடவே வந்த லாபம். அதே மாதிரி, பாவம், ஓட முடியாதவள் திரையில் ஓடி ஆசை தீர்த்துக்கொண்டாள் என்றும் சொல்ல வேண்டாம். ஜெயம்மா ஒரு தடவை அவளிடமே இப்படிச் சொல்லிவிட்டாள். மரகதம் சொன்ன பதில்: "ஓட முடியாததுக்கு இல்ல ஜெயம்மா. எனக்கு மோதறது பிடிக்கும்."

கருமாதிக்கு ஹனூரிலிருந்து அண்ணன் வந்திருந்தார். வந்தவர்களிடம் எல்லாம், "மரகதம் கம்ப்யூட்டர் வேலை கத்துக்கிட்டிருந்தா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நினைவு நோட்டீஸிலும் அப்படியே அடிக்கக் கொடுத்திருந்தார். "கணினி பயின்றவர்" என்று. ப்ரூஃப் வந்தபோது நான் பேனாவால் அடித்துவிட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏனம்மிணி, அப்படிப் போட்டா என்ன தப்புங்கறேன்? கேம் ஆடுனான்னு போட முடியுமா? நம்ம மானம் என்னாகறது?"

"ஆடுனா, அதத்தான் போடோணுமுங்ணா. திருடலீங்களே."

"சரி, அந்தப் பெட்டிய வித்துரலாம். இல்லாட்டி பள்ளிக்கூடத்துக்குக் குடு. புண்ணியமாவது சேரும். மழைக்காலம் வருது, வெளிய உக்காந்து நனையாம பலகைய உள்ள எடுத்துப் போட்டுக்க. இனி எடம் இருக்குதல்ல."

இனி இடம் இருக்கிறது. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நல்லதாகத்தான் சொன்னார். எல்லோரும் அவளுக்கு நல்லதாகத்தான் சொன்னார்கள், ஒன்பது வயதிலிருந்து. ஓடாதே, படிக்கட்டு ஏறாதே, கல்யாணம் வேண்டாம், அதிகம் சிரிக்காதே. அத்தனைக்கும் அவள் சரி சரி என்றாள். ஒரே ஒரு இடத்தில் மட்டும் என் பலகையைத் தூக்கி வெளியே வைத்தாள். அந்த ஒன்றையும் அவள் போன பதினாறாம் நாளே நான் உள்ளே தூக்கி வைப்பதா?

"பலகை உள்ள வராதுங்ணா" என்றேன்.

நோட்டீஸில் "கார் பந்தயம் விளையாடுவதில் விருப்பம் கொண்டவர்" என்று அச்சாகி வந்தது. உங்களில் சிலர் அதைப் பார்த்துச் சிரித்ததும் தெரியும். சிரியுங்கள், அவளும் சிரிப்பாள்.

அவள் போய் இரண்டு மாதம் ஆகிறது. அவளுடைய புடவைகளைக் கொடுத்துவிட்டேன். மருந்து டப்பாக்களைத் தூக்கிப் போட்டேன். வைத்துக்கொண்டவை சில உண்டு. அந்த ஊதுபத்தி அட்டை, எது மூச்சு வாங்குகிறது என்று எழுதிய நோட்டு, பெயின்ட் பிரஷ். மாதம் ஒரு முறை பெட்டியைத் திறந்து நான் துடைக்கிறேன். இப்போது கரி அவ்வளவாக இல்லை, வெறும் தூசிதான். சாயங்காலம் கையைக் கழுவிக்கொண்டு அவள் நாற்காலியில் உட்கார்கிறேன். எனக்குக் காரைத் திருப்பத் தெரியவில்லை. நேற்று மூன்று சுவரில் மோதினேன், ஒரு தடவை பாலத்திலிருந்து விழுந்தேன். சத்தம் கேட்டு எதிர்வீட்டிலிருந்து ஜெயம்மா, "என்ன ஆச்சு அக்கா?" என்று கூப்பிட்டாள்.

மழை பிடித்துக்கொண்டது. வராந்தாவுக்கு ஒரு தார்ப்பாய் கட்டியிருக்கிறேன். பலகை வெளியேதான் இருக்கிறது.