நாலு மாதத்து மாத்திரை

வயதுக்கு வந்த நாளிலிருந்து மாதம் மூன்று நாள் நான் வலியில் சுருண்டு கிடந்தேன். "கலியாணம் ஆனாச் சரியாப் போயிரும்" என்றார்கள். ஆட்டையாம்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் கட்டிக்கொடுத்தார்கள்; சரியாகப் போகவில்லை. "ஒரு புள்ளை பொறந்தாச் சரியாப் போயிரும்" என்றார்கள். அந்தப் பிள்ளைதான் ஆறு வருடமாக வரவில்லை. வலி போகப் பிள்ளை வேண்டுமாம், பிள்ளை வர வலி போக வேண்டுமாம். இந்த நியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

எண்பதுகளின் நடுவில் சேலத்தில் ஒரு டாக்டரம்மா தொப்புள் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, எண்டோமெட்ரியோசிஸ் என்றார். கர்ப்பப்பைக்குள் இருக்க வேண்டிய சவ்வு வெளியே சினைப்பையில் ஒட்டிக்கொண்டு, மாதாமாதம் அங்கேயே ரத்தம் கட்டுகிறது. வலியும் அதனால்தான், முட்டை கெடுவதும் அதனால்தான். நாலு மாதத்துக்கு மாத்திரை கொடுத்தார். "இதைச் சாப்பிடற வரைக்கும் தூரம் வராது. அதைக் கர்ப்பம்னு நெனச்சுக்காதீங்க" என்று என் வீட்டுக்காரரையும் பக்கத்தில் உட்காரவைத்துத்தான் சொன்னார். இவரும் தலையைத் தலையை ஆட்டினார்.

எங்கள் வீட்டில் தூரமானால் பின்பக்கச் சாய்ப்பில் தனிப் பாய், தனித் தட்டு. ஆகவே நான் எந்த மாதம் உட்கார்ந்தேன், எந்த மாதம் உட்காரவில்லை என்பது பால்காரர் வரைக்கும் தெரியும். இரண்டு மாதம் சாய்ப்பு காலியாக இருந்ததும் மாமியாருக்குக் கால் தரையில் பாவவில்லை.

"அத்தை, அது மாத்தரைனால நிக்குதுங்க."

"இருக்கட்டும் சாமி. மாத்தரை கேட்டுத்தானே நின்னுருக்குது!"

இதற்கு மேல் எப்படிச் சொல்வது? மாத்திரையால் உடம்பு ஊதியது. பூரிப்பு என்றார்கள். முகத்தில் பரு வந்தது. அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார்கள். வாழப்பாடியிலிருந்து நாத்தனார் ஒரு பை மாங்காயோடு பஸ் ஏறி வந்துவிட்டார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? "ஏனுங்க, நீங்களாச்சும் சொல்லுங்க" என்று இவரிடம் கெஞ்சினேன். "சொல்லிக்கலாம் உடு" என்றார். ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்: வலி இல்லாத அந்த நாலு மாதம் எனக்குச் சுகமாகத்தான் இருந்தது.

மாத்திரை முடிந்த அடுத்த மாதமே தூரம் வந்தது, வலியையும் கூட்டிக்கொண்டு. மாமியார் சாய்ப்பு வாசலில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதார். துக்கம் கேட்கச் சனம் வந்தது. "எதுவும் கலையலைங்க, எதுவும் இல்லவே இல்லைங்க!" என்று கத்தினேன். "பாவம், மனசு ஒடஞ்சு பேசுது" என்று ஒருத்தி எட்ட நின்றபடி கண்ணைத் துடைத்தாள். ஆத்திரத்தில் தட்டை வீசி எறிந்தேன். அதையும் துக்கத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

மறுவருடம் கோயம்புத்தூரில் வேறொரு டாக்டரிடம் போனோம். முன்பு எப்போதாவது கரு நின்றிருக்கிறதா என்று அந்த அம்மா கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார்.

"ஒண்ணு நின்னுதுங்க. நாலாம் மாசம் கலைஞ்சு போச்சுங்க."

டாக்டரின் முகம் மலர்ந்தது. "அப்ப நல்லதுதானே! ஒரு தடவை நின்னிருக்குன்னா முட்டை அவ்வளவா கெடலைன்னு அர்த்தம். இன்னும் ஒரு வருஷம் பொறுத்துப் பார்ப்போம்" என்று எழுத ஆரம்பித்தார்.

எனக்கு முப்பது தாண்டியிருந்தது. இருக்கிற முட்டையும் மாதாமாதம் கெட்டுக்கொண்டிருக்கிறது. இவர் சொன்ன ஒரு பொய்க்காக நான் இன்னும் ஒரு வருடம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டுமா?

"அதை அடிச்சுருங்க டாக்டர். எனக்கு ஒரு தடவைகூட நின்னதில்லைங்க. அது மாத்தரைனால வந்த வினை."

டாக்டர் பேனாவை நிறுத்திவிட்டு இவரைப் பார்த்தார். திருட்டு முழி முழிப்பார் என்று நானும் திரும்பினேன். இவர் கண்ணில் நீர் நின்றது.

"இல்லீங்க, நின்னுது" என்றார், தரையைப் பார்த்தபடி.

அத்தனை நாள் எரிச்சலும் எங்கே போனதோ, எனக்கும் அழுகை வந்துவிட்டது. இருந்தாலும் டாக்டரிடம் மறுபடியும் சொன்னேன்.

"அடிச்சுருங்க."